எக்ஸ்ரே, ஸ்கேன் பிரிவுக்கு இன்சார்ஜ் ஆகும் பெண்ணுக்கு: முதல் மூன்று மாத வேலைகள்

நன்றாகப் படம் எடுக்கிறார் என்பதற்காகத்தான் ஒரு ரேடியோகிராபரை இன்சார்ஜ் ஆக்குவார்கள். மறுநாள் காலையிலிருந்து அவர் கைக்கு வரும் வேலைகளில் படம் எடுப்பது கடைசியாக இருக்கும். டியூட்டி சார்ட், காணாமல் போன டோஸ் பேட்ஜ் (ஊழியர் உடலில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அட்டை), கர்ப்பமாக இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொல்லும் சக ஊழியர், போனில் கத்தும் சர்ஜன், கையெழுத்துக்குக் காத்திருக்கும் சர்வீஸ் ஒப்பந்தம் என்று வரிசையாக வரும். இவற்றில் ஒன்றைக்கூடப் பாடத்திட்டத்தில் சொல்லித் தருவதில்லை.

இந்தத் தொழிலுக்குப் பெண்கள் புதியவர்கள் இல்லை. முதல் உலகப் போரின்போது வண்டிகளில் எக்ஸ்ரே கருவி ஏற்றிப் போர்முனைக்கு அனுப்பிய மேரி கியூரி, 1916 முதல் பாரிஸ் ரேடியம் நிறுவனத்தில் சுமார் 150 பெண்களுக்குப் படம் எடுக்கப் பயிற்சி கொடுத்தார். கூட நின்று சொல்லிக்கொடுத்தவர் பதின்பருவத்தைத் தாண்டாத மகள் ஐரீன். ஆனால் படம் எடுக்கும் அறையில் பெண்கள் நிறைந்திருக்கும் பல மருத்துவமனைகளில், கருவி வாங்கும் கூட்டத்திலும் ஆள் எடுக்கும் கூட்டத்திலும் அவர்களைக் காண முடிவதில்லை. கீழே சொல்லியிருப்பதில் பெரும்பகுதி யார் இன்சார்ஜ் ஆனாலும் பொருந்தும். கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனின் அளவு, கர்ப்பகால விதி, கூட்டத்தில் பேச்சு போன்ற சில இடங்களில் பெண்ணுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒப்புக்கொள்வதற்கு முன் கடிதம்

"இப்போதைக்கு நீங்களே பார்த்துக்கோங்க மேடம்" என்று வாய்வார்த்தையாக வரும் பொறுப்பை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அதில் பழி முழுவதும் வரும், அதிகாரம் பாதிகூட வராது. பணிக்கடிதத்தில் ஐந்து விஷயங்கள் இருக்கிறதா என்று பாருங்கள்.

- யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும். தலைமை ரேடியாலஜிஸ்ட் (படங்களைப் பார்த்து அறிக்கை தரும் மருத்துவர்), நிர்வாக அதிகாரி என்று இரண்டு பெயர் இருந்தால், கருத்து வேறுபாடு வரும்போது யார் சொல் இறுதி என்பதும் வேண்டும்.
- டியூட்டி சார்ட்டில் கடைசிக் கையெழுத்து உங்களுடையதா.
- பாதுகாப்புக் காரணத்துக்காக ஒரு கருவியையோ ஒரு பரிசோதனையையோ நிறுத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா.
- வாரத்தில் எத்தனை மணி நேரம் படமெடுக்கும் வேலையிலிருந்து விடுவிக்கப்படுவீர்கள். பத்துப் பேருக்கு மேல் உள்ள பிரிவில் இரண்டு முழு நாளுக்குக் குறைந்தால் நிர்வாக வேலையெல்லாம் வீட்டுக்குத்தான் வரும்.
- "தற்காலிகம்" என்றால் முடியும் தேதி எது, அதுவரை என்ன படி.

மூன்றாவதுதான் உயிர். மற்ற நான்கையும் பிறகு பேசி வாங்கிவிடலாம். நிறுத்தும் அதிகாரம் எழுத்தில் இல்லாவிட்டால், தேவைப்படும் நாளில் அதை வாதாடி வாங்க நேரம் இருக்காது.

கடிதம் தரத் தயங்கினால் அன்று மாலையே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "இன்று பேசியபடி நான் புரிந்துகொண்டவை இவை. ஏதாவது மாறுபட்டால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும்" என்று எழுதி ஐந்தையும் கீழே போடுங்கள். பதில் வராவிட்டாலும் அது ஆவணம்தான்.

முதல் இரண்டு வாரம்: பார்க்க மட்டும் செய்யுங்கள்

புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே டீ நேரத்தை மாற்றினால், அடுத்த ஆறு மாதத்துக்கு அவர் சொல்லும் நல்ல மாற்றமும் டீ நேரக் கணக்கில்தான் சேரும். ஆபத்தானவை தவிர எதையும் இந்த இரண்டு வாரத்தில் தொடாதீர்கள்.

ஒவ்வொரு அறையிலும் ஒரு முழு ஷிஃப்ட் உட்காருங்கள், ஒரு நைட் டியூட்டி உட்பட. பகலில் தெரியாதது இரவில் தெரியும். போர்ட்டபிள் எக்ஸ்ரேக்குப் போனால் அறையில் யார் மிச்சம், நோயாளியைத் தூக்க யார் வருகிறார்கள், உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்பதையெல்லாம் நேரில் பார்த்தால்தான் புரியும். பதிவேடுகளில் டோஸ் பேட்ஜ் அளவுகள், ஏப்ரன் பரிசோதனை, கருவிகளின் தரச்சோதனை, அவசர மருந்துப் பெட்டியின் காலாவதித் தேதிகள், சர்வீஸ் ஒப்பந்தம் முடியும் தேதிகள் ஆகிய ஐந்தையும் ஒரே தாளில் எழுதிவையுங்கள். தரச்சோதனைப் பதிவில் ஒரு மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே எண் இருந்தால், மாதக் கடைசியில் ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு யாரையும் திட்ட வேண்டாம். நாளையிலிருந்து காலை 8 மணிக்கு நீங்களே பக்கத்தில் நின்று ஒரு வாரம் செய்யவையுங்கள்.

ஒவ்வொருவரையும் தனியாக 20 நிமிடம் சந்தியுங்கள். மூன்றே கேள்வி போதும். எது உங்கள் நேரத்தை வீணாக்குகிறது? எந்த வேலையில் பயம் இருக்கிறது? அடுத்து எதைக் கற்றுக்கொள்ள ஆசை? இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். "நைட்டில் குழந்தைக்கு சிடி வந்தால் கை நடுங்கும்" என்று ஒருவர் சொன்னால், டியூட்டி சார்ட்டில் எங்கே ஓட்டை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இந்தப் பதவி தனக்கு வரும் என்று காத்திருந்த மூத்தவர் ஒருவர் இருப்பார். அவரை முதல் ஆளாகச் சந்தியுங்கள். பதவி கிடைத்ததற்காக மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம், அது இருவருக்குமே சங்கடம். தரச்சோதனையோ பயிற்சியோ, ஒரு முழுப் பொறுப்பை முடிவெடுக்கும் உரிமையோடு அவரிடம் கொடுங்கள். பெயருக்கு ஒரு பதவியைக் கொடுத்துவிட்டு ஒவ்வொரு தாளையும் நீங்கள் திருத்தினால் முன்பைவிட மோசமாகும்.

ரிஜெக்ட் கணக்கு: முதலில் கையில் எடுக்க வேண்டிய எண்

எடுத்த படங்களில் எத்தனை தள்ளுபடி ஆகி மறுபடி எடுக்கப்பட்டன என்பது பிரிவின் நாடித்துடிப்பு. தள்ளுபடியான படங்களை மொத்த எக்ஸ்போஷர்களால் (கதிர் செலுத்தி எடுத்த எல்லாப் படங்களாலும்) வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். மாதம் 2,400 எக்ஸ்போஷரில் 264 தள்ளுபடி என்றால் 11 சதவீதம். டிஜிட்டல் எக்ஸ்ரேக்கு 8 சதவீதத்தை இலக்காகவும், 10 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேட வேண்டும் என்றும் வைத்துக்கொள்வது பரவலான நடைமுறை.

மொத்த எண்ணை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. உடல் பாகம் வாரியாகவும் காரணம் வாரியாகவும் பிரியுங்கள். பொசிஷன் தவறு, அசைவு, எக்ஸ்போஷர் கூடுதல் குறைவு, நகை அல்லது உடை, கருவிக் கோளாறு என்று ஐந்து தலைப்பு போதும். முழங்கால் பக்கவாட்டுப் படமும் தோள்பட்டையும்தான் பெரும்பாலும் மேலே வரும். அப்படி வந்தால் அந்த இரண்டுக்கு மட்டும் அரை மணி நேர நேரடிப் பயிற்சி வைத்து, மூன்று மாதம் கழித்து மறுபடி எண்ணிப் பாருங்கள்.

கணக்கு கெட்டுப்போகும் வழிகள் மூன்று. காலையில் தரச்சோதனைக்காக எடுக்கும் படங்களும் ரிஜெக்ட்டில் விழுந்து எண்ணை ஊதிவிடும், அவற்றைக் கழியுங்கள். காரணம் கேட்கும் பெட்டியில் "மற்றவை" என்று ஒன்று இருந்தால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள், அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மூன்றாவதுதான் பெரியது. யார் எத்தனை ரிஜெக்ட் என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்டினால், அடுத்த மாதம் எண் அழகாகக் குறைந்திருக்கும். படம் திருந்தியதால் குறைந்திருக்காது. மோசமான படத்தையும் அப்படியே ரேடியாலஜிஸ்ட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருப்பார்கள். தனிநபர் எண்ணைத் தனியறையில் அவரிடம் மட்டும் காட்டுங்கள். சுவரில் பிரிவின் எண் போதும். 3 சதவீதம் என்று வந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம், அனுப்பிய படங்களில் 50-ஐ எடுத்து ரேடியாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து பாருங்கள்.

டியூட்டி சார்ட்

"ஆள் போதவில்லை" என்று சொன்னால் நிர்வாகம் கேட்காது. கணக்காகச் சொன்னால் கேட்க வேண்டியிருக்கும். ஓர் இருக்கையை 24 மணி நேரமும் நிரப்ப வாரத்துக்கு 168 மணி நேரம் தேவை. ஒருவர் வாரம் 40 மணி நேரம் வேலை செய்கிறார், விடுமுறை, நோய், பயிற்சி எல்லாம் சேர்த்து 15 சதவீதம் போகிறது என்றால் கையில் கிடைப்பது 34 மணி. 168-ஐ 34-ஆல் வகுத்தால் 4.9. அதாவது ஓர் இருக்கைக்கு ஐந்து பேர். வாரம் 48 மணி நேர வேலை என்றால் 40.8 மணி கிடைக்கும், 4.1 பேர் வேண்டும். மூன்று பேரை வைத்து ஓட்டும் இடத்தில் மீதியை யாரோ கூடுதல் நேரத்தாலும் எடுக்காத விடுப்பாலும் ஈடுகட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இந்த ஒரு வரியிலேயே தெரியும்.

சுழற்சி காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கிப் போகட்டும். இரவிலிருந்து மாலைக்கும் மாலையிலிருந்து காலைக்கும் இழுக்கும் பின்னோக்கிய சுழற்சி உடம்பைக் கெடுக்கும். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவில் 11 மணி நேர இடைவெளி, தொடர்ந்து மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். சார்ட் நான்கு வாரம் முன்பே வெளியாகட்டும். டியூட்டி மாற்றிக்கொள்ள ஒரு நோட்டு வையுங்கள், இருவர் கையெழுத்து, உங்கள் கையெழுத்து. வாட்ஸ்அப்பில் நடக்கும் மாற்றம் செல்லாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் பேசத் தயங்குகிற ஒருவர்தான் எல்லோருடைய பண்டிகை நைட்டையும் சுமப்பார்.

சார்ட்டுக்குப் பக்கத்தில் திறன் பட்டியல் ஒன்று தேவை. வரிசையில் பெயர்கள், மேலே எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கேத் லேப் (எக்ஸ்ரேயில் பார்த்தபடியே இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை செய்யும் அறை), போர்ட்டபிள். ஒவ்வொரு கட்டத்திலும் 0 என்றால் தெரியாது, 1 என்றால் உடன் ஒருவர் வேண்டும், 2 என்றால் தனியாகச் செய்வார், 3 என்றால் கற்றுத் தருவார். எந்த இரவிலும் சிடிக்கு 2-க்குக் குறையாத ஒருவர் இருந்தாக வேண்டும்.

இந்தப் பட்டியலை நிரப்பியதும் ஒன்று கண்ணில் படும். பெண்கள் பெயருக்கு நேரே மேமோகிராமில் 3, கேத் லேப்பிலும் எம்ஆர்ஐயிலும் 0. மேமோகிராமுக்குப் பெண் வேண்டும் என்பது நோயாளியின் நியாயமான எதிர்பார்ப்பு. ஆனால் அந்த அறைக்குள்ளேயே ஐந்து வருடம் இருந்துவிட்டால் பதவி உயர்வுப் படிவத்தில் நிரப்ப ஒன்றும் இருக்காது. அடுத்த இன்சார்ஜை சிடி, எம்ஆர்ஐ தெரிந்தவர்களிலிருந்துதான் தேடுவார்கள். ஒருவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் ஒரே அறையில் இருக்கக் கூடாது என்று விதி வையுங்கள். அந்த விதி ஆண்களுக்கும்தான். கேத் லேப்பை விட்டு நகர மாட்டேன் என்பவர்கள்தான் முதலில் எதிர்ப்பார்கள்.

கர்ப்பகால விதி: முதல் கேஸ் வருவதற்கு முன்பே

ஒருவர் கர்ப்பமான பிறகு விதி எழுதினால் அது அவரைப் பற்றிய விதியாகிவிடும். யாரும் கர்ப்பமாக இல்லாத மாதத்தில் எழுதுங்கள்.

அடிப்படை எண்களை மனப்பாடமாக வைத்திருங்கள். கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையமான ஐசிஆர்பியின் பரிந்துரைப்படி ஊழியருக்கான வரம்பு ஐந்து ஆண்டு சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 50-ஐத் தாண்டக் கூடாது. கர்ப்பத்தைத் தெரிவித்த நாளிலிருந்து, மீதமுள்ள காலம் முழுவதற்கும் சேர்த்துக் கருவுக்குக் கூடுதலாக 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாக மனிதருக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட். உங்கள் நாட்டு விதி இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதுவே செல்லும்.

தெரிவித்தவரின் கடந்த 12 மாத பேட்ஜ் அளவுகளை அவரோடு உட்கார்ந்து பாருங்கள். ஏப்ரனுக்கு உள்ளே அணிந்த பேட்ஜில் ஆண்டுக்கு 0.4 மில்லிசீவர்ட் என்றால், அதே வேலையில் ஒன்பது மாதத்துக்கு 0.3. கருவுக்குப் போய்ச் சேருவது அதைவிடவும் குறைவு, நடுவில் தாயின் உடல் இருக்கிறது. ஆக, கருவியை இயக்கும் கன்சோலின் தடுப்புக்குப் பின்னால் நின்று எக்ஸ்ரே, சிடி எடுப்பவர் அதே வேலையில் தாராளமாகத் தொடரலாம். விருப்பமில்லை என்றால் மாற்றிக் கொடுங்கள், ஆனால் முடிவு அவருடையதாக இருக்கட்டும்.

விதியில் எழுத வேண்டியவை: தெரிவிப்பது அவர் உரிமை, எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; அன்றே இடுப்பு மட்டத்தில் ஏப்ரனுக்குள் இரண்டாவது பேட்ஜ், மாதம் ஒருமுறை அளவு பார்த்தல்; படமெடுக்கும்போது நோயாளியைப் பிடித்துக்கொள்ளும் வேலை கிடையாது; கதிரியக்க அயோடின் சிகிச்சைப் பக்கம் அனுப்புவதில்லை, ஏனென்றால் அயோடின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவின் தைராய்டில் போய்ச் சேரும்; எம்ஆர்ஐயில் நோயாளியை ஏற்றி இறக்கலாம், ஸ்கேன் ஓடும்போது காந்த அறைக்குள் நிற்பதில்லை.

இதில் வழக்கமாக நடக்கும் தவறு, "பாவம்" என்று சொல்லி உடனே வரவேற்பு மேசையில் உட்காரவைப்பது. அக்கறையில் செய்வதுதான். விளைவு வேறு. அடுத்தவர் நான்கு மாதம்வரை சொல்லாமல் மறைப்பார், அந்த நான்கு மாதமும் இரண்டாவது பேட்ஜ் இல்லாமல் வேலை செய்வார். கரு உருவாகும் முக்கியமான வாரங்கள் அவைதாம்.

மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்புகிறவருக்கு இரண்டு வாரத் திட்டம் ஒன்று வேண்டும். முதல் வாரம் சிடி, எம்ஆர்ஐயில் உடனிருப்பு, இரண்டாவது வாரம் தனியாக. இல்லாவிட்டால் "டச் விட்டுப்போச்சு" என்று சொல்லிச் சாதாரண எக்ஸ்ரேயில் போட்டு, அங்கேயே மறந்துவிடுவார்கள். பால் எடுத்துவைக்கத் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் ஒரு சிறிய ஃப்ரிட்ஜும் இதே தாளில் வரட்டும். எக்ஸ்ரே வேலையால் தாய்ப்பாலுக்கு எந்தக் கெடுதலும் இல்லை. கதிரியக்க மருந்தைக் கையாளும் பிரிவு என்றால் மருந்து உடலுக்குள் சென்றுவிடாமல் பார்க்க வேண்டியிருப்பதால் அதற்குத் தனி ஏற்பாடு.

ஏப்ரன்: சின்ன விஷயம் போலத் தெரியும்

கேத் லேப்பில் தொங்கும் ஏப்ரன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே பெரிய அளவாக இருக்கும். உயரம் குறைந்த பெண் அணிந்தால் கைத்துளை மார்பின் பக்கவாட்டில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். நோயாளியின் உடலில் பட்டுத் தெறிக்கும் சிதறல் கதிர் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. நோயாளியின் வலப்புறம் நின்று வேலை செய்பவருக்கு எக்ஸ்ரே வெளிவரும் ட்யூப் பெரும்பாலும் இடப்பக்கம் அமைவதால் இடது மார்பும் அக்குளும் அதிகம் வாங்கும். மார்புத் திசு கதிருக்கு எளிதில் பாதிக்கப்படுவது என்பது உங்களுக்குத் தெரியும், கொள்முதல் அதிகாரிக்குத் தெரியாது. ஒருவரை அணிய வைத்துப் பக்கத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து விண்ணப்பத்தோடு இணையுங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது வேலை செய்யும்.

வாங்கும்போது எல்லோருடைய மார்பு, இடுப்பு, தோளிலிருந்து முழங்கால் அளவுகளை எடுங்கள், ஆண்களுடையதும் சேர்த்து. மேலாடை, பாவாடை என இரண்டு துண்டாக உள்ளதைக் கேளுங்கள். முழு ஏப்ரனின் எடை தோளிலேயே தொங்கும், இரண்டு துண்டு என்றால் பாதி இடுப்புக்கு இறங்கும். முன்பக்கம் 0.25 மில்லிமீட்டர் ஈயச் சமானம் (அத்தனை தடிமன் ஈயத்துக்கு இணையான தடுப்பு) ஒன்றன்மேல் ஒன்று படிந்து 0.5 ஆக வர வேண்டும். அளவு பெரிதாகிப் படிவு நழுவினால் உங்களுக்குக் கிடைப்பது 0.25 மட்டும்தான். தைராய்டு காலர், அக்குளை மூடும் சிறு கை ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எண் ஒட்டி ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூரோவின் (எக்ஸ்ரேயை நேரடிக் காட்சியாகக் காட்டும் கருவி) கீழ் விரித்து விரிசல் பாருங்கள். மடித்து நாற்காலி முதுகில் போட்டவைதான் முதலில் விரியும்.

ஏப்ரனைவிட மலிவான பாதுகாப்பு தூரம். ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் டோஸ் நான்கில் ஒரு பங்கு. தரையில் டேப் ஒட்டிக் குறித்துவைத்தால் ஜூனியர்கள் தானாக அங்கே நிற்பார்கள்.

எம்ஆர்ஐ கதவில் யார் நிற்பது

உங்கள் அதிகாரம் நிஜமாகவே சோதிக்கப்படும் இடம் எது என்றால், நிர்வாகக் கூட்டத்தைவிட இதைச் சொல்லலாம்: காந்த அறைக்குள் நோயாளிக்கு இதயம் நின்றுபோன நிமிடம்.

1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப்போல் ஏறத்தாழ 30,000 மடங்கு. அது எப்போதும் இயங்கிக்கொண்டே இருக்கும், ஸ்கேன் நின்றாலும் நிற்காது. அவசரக் குழு இரும்பு சிலிண்டரும் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பும் கத்தரியுமாக ஓடிவருவார்கள். 2001-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கேன் செய்துகொண்டிருந்த 6 வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவந்த ஆக்ஸிஜன் சிலிண்டர் காந்தத்துக்குப் பாய்ந்து தாக்கியதில் இறந்தான்.

ஆகவே வரிசை இது. ஒருவர் உள்ளேயே இதய அழுத்தம் தொடங்குகிறார், நிமிடத்துக்கு 100 முதல் 120. இன்னொருவர் மேசையை வெளியே இழுத்து, காந்தம் இழுக்காத தள்ளுவண்டியில் நோயாளியை ஏற்றுகிறார். ஏற்கெனவே குறித்துவைத்த வெளி இடத்துக்கு வந்ததும் கதவு மூடப்பட்டு, மூன்றாவது ஆள் கதவில் நிற்கிறார். அவசரக் குழு அந்த வெளி இடத்தில்தான் காத்திருக்கும். காந்தத்தை அணைக்கும் க்வென்ச் பொத்தானை இதற்காக அழுத்தக் கூடாது. புலம் இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும், காந்தத்தைக் குளிர்வித்து வெளியேறும் ஹீலியம் குழாயில் சரியாகப் போகாவிட்டால் அறையில் ஆக்ஸிஜன் குறையும், அதற்குள் நோயாளியை வெளியே கொண்டுவந்திருக்கலாம்.

கதவில் நிற்பவர் பெரும்பாலும் இளம் பெண் ரேடியோகிராபர். எதிரே வருபவர் இருபது வருட அனுபவமுள்ள மயக்க மருத்துவர். "வழி விடும்மா" என்பார். அந்த நேரத்தில் துணிச்சல் வரும் என்று நம்பி இருக்கக் கூடாது. சொல்ல வேண்டிய வாக்கியத்தை முன்பே பழக்குங்கள்: "உள்ளே காந்தம் இயங்குகிறது சார். நோயாளி உங்களிடம் வருகிறார். இங்கேயே நில்லுங்கள்." மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை, ஒரு நைட் ஷிஃப்டிலும். மயக்க மருத்துவர்களையும் கூப்பிடுங்கள். ஸ்டாப்வாட்சில் "நோயாளி வெளியே" என்ற நேரத்தைக் குறித்து, அடுத்த ஒத்திகையில் அதைக் குறைக்கப் பாருங்கள். முதல் ஒத்திகையில் தள்ளுவண்டியின் பிரேக் எங்கே என்று தேடுவதிலேயே அரை நிமிடம் போகும்.

அதே நாளில் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய நோயாளிக்கு ஏற்றும் மருந்து) ஒவ்வாமை ஒத்திகையையும் முடித்துவிடுங்கள். கடுமையான ஒவ்வாமைக்குப் பெரியவர்களுக்கான அட்ரினலின் 0.5 மில்லிகிராம், அதாவது மில்லிக்கு 1 மில்லிகிராம் உள்ள மருந்தில் அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். குறையாவிட்டால் ஐந்து நிமிடத்தில் மறுபடி. பதற்றத்தில் ஏற்கெனவே போட்டிருக்கும் நரம்பு ஊசி வழியாகவே இதைச் செலுத்திவிடுவதுதான் நடக்கும் தவறு. ஆம்பியூல் பக்கத்திலேயே "தொடைத் தசை, 0.5 மில்லி" என்று பெரிய எழுத்தில் ஒட்டிவையுங்கள்.

போனில் நிறுத்துவது

ஒரு பரிசோதனையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லும்போது, நிலைமை, பின்னணி, உங்கள் கணிப்பு, உங்கள் கோரிக்கை என நான்கு வாக்கியத்தில் முடியுங்கள்.

"டாக்டர், கான்ட்ராஸ்ட் சிடிக்கு அனுப்பிய நோயாளிக்கு மருந்து ஏற்றாமல் வைத்திருக்கிறேன். போன வருடம் இதே மருந்துக்கு மூச்சுத் திணறல் வந்ததாகச் சொல்கிறார், பழைய கோப்பிலும் இருக்கிறது. மறுபடி வரலாம் என்று நினைக்கிறேன். ரேடியாலஜிஸ்ட்டை இப்போது இணைப்பில் சேர்க்கிறேன், இருவரும் பேசி முடிவு சொன்னால் தொடர்கிறேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க டாக்டர்" என்று தொடங்கினால் எதிர்முனை முடிவை எடுத்துவிடும். குரலை உயர்த்தவும் தேவையில்லை, முதல் வாக்கியத்திலேயே நிறுத்தியாகிவிட்டது என்ற செய்தி இருக்கிறது.

ஒப்பந்த மேசை

கருவி விற்க வருபவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண் ஜூனியரைப் பார்த்தே பேசுவார். ஜூனியரிடம் முன்பே சொல்லிவையுங்கள், அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு உங்களைப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படாது. பிறகு உங்கள் கேள்விகள் பேசட்டும்.

"95 சதவீதம் இயங்கும் என்று உத்தரவாதம்" என்பது கேட்க நன்றாயிருக்கும். 365 நாளில் 5 சதவீதம் 18 நாள். 98 சதவீதம் என்றால் 7 நாள். அந்த நாட்களை எப்படி எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். அலுவலக நேரத்தை மட்டும் எண்ணினால் இரவு முழுக்கக் கருவி கிடந்தாலும் கணக்கில் வராது. சிடி ட்யூப், டிடெக்டர் இரண்டும் ஒப்பந்தத்தில் உண்டா, பொறியாளர் எத்தனை மணி நேரத்தில் வருவார், உதிரிபாகம் எத்தனை நாளில், நைட் ஷிஃப்ட் ஊழியர்களுக்கும் பயிற்சி உண்டா என்பவை அடுத்தவை. நிறுவல் முடிந்தது என்ற சான்றில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள், உத்தரவாதக் காலம் அன்றே ஓடத் தொடங்கிவிடும். ஏற்புச் சோதனை முடிந்து, முதல் நோயாளிக்குப் படம் எடுக்கும் நிலைக்கு வந்த தேதியே தொடக்கம் என்று எழுதவையுங்கள். கருவி நின்ற நேரம், போன் செய்த நேரம், ஆள் வந்த நேரம், ஓடத் தொடங்கிய நேரம் என நான்கு பத்தியுள்ள நோட்டு கருவியருகே தொங்கட்டும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் அந்த நோட்டை மேசையில் வைத்தால் போதும்.

கூட்டத்தில் நீங்கள் சொன்னதைப் பத்து நிமிடம் கழித்து வேறொருவர் சொல்ல, எல்லோரும் தலையாட்டுவார்கள். இதற்கு முந்தைய நாள் மாலையே ஒரு பக்கத் தாளை உங்கள் பெயரோடு எல்லோருக்கும் அனுப்பிவிடுவதுதான் வழி. எண் ஒன்று, கோரிக்கை ஒன்று, தேதி ஒன்று. அப்படி நடக்கும்போது, "ஆமாம், நேற்று அனுப்பிய தாளில் இருப்பதுதான். அதன் இரண்டாவது பகுதிக்கு வருவோம்" என்று தொடருங்கள். கூட்டக் குறிப்பு எழுதுவது, பிறந்தநாள் கேக் வாங்குவது, விருந்தினரை வரவேற்பது ஆகியவையும் உங்களிடமே வரும். குறிப்பெழுதுவதைச் சுழற்சி முறையில் விடச் சொல்லுங்கள், முதல் முறையை நீங்கள் எடுத்துக்கொண்டு அடுத்த பெயரையும் அதே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது ஆள்

மூன்றாவது மாதத்துக்குள் துணை இன்சார்ஜ் ஒருவரைத் தயார் செய்யுங்கள். டியூட்டி சார்ட்டை முதல் மாதம் நீங்கள் போட அவர் பார்க்கட்டும், இரண்டாவது மாதம் அவர் போட நீங்கள் திருத்துங்கள், மூன்றாவது மாதம் அவரே வெளியிடட்டும். வாரம் ஒரு ஷிஃப்ட் நீங்கள் கன்சோலில் உட்காருவதை விடாதீர்கள். புதிய மென்பொருளில் எந்தப் பொத்தான் எரிச்சல் தருகிறது என்பது அலுவலக நாற்காலிக்கு எட்டாது.

பிறகு இரண்டு வாரம் விடுப்பில் போங்கள். பிரிவிலிருந்து வரும் ஒவ்வொரு அழைப்பையும் தேதி, நேரம், கேள்வி என்று எழுதிக்கொள்ளுங்கள். "ஏப்ரன் அலமாரிச் சாவி எங்கே", "இந்த நைட்டை யாருக்கு மாற்றலாம்", "கர்ப்பிணி நோயாளிக்கு சிடி கேட்கிறார்கள், யாரிடம் பேசுவது" என்று வரும். திரும்பி வந்த முதல் நாள் அந்தப் பட்டியலோடு துணை இன்சார்ஜை உட்காரவைத்து, ஒவ்வொன்றுக்கும் விதிக் கோப்பில் ஒரு வரி சேருங்கள். அடுத்த விடுப்பில் மறுபடி எண்ணிப் பாருங்கள்.